சேர்க்க வைத்த குணமே செலவழிக்க விடாது: முன்கூட்டிய ஓய்வும் சுபாவமும்

சீக்கிரம் ஓய்வு பெற நினைக்கிறவர்கள் தங்கள் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளப் போனால், முதலில் கையில் சிக்குவது ஐஎன்டிஜே (INTJ) போன்ற நான்கெழுத்து வகைகள்தான். உளவியலாளர் யுங் 1921-ல் வெளியிட்ட கருத்துகளை அடிப்படையாக வைத்து கேத்ரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கிய தேர்வு அது. பண விஷயத்துக்கு அது அவ்வளவாக உதவாது. நடுவில் ஒரு கோடு போட்டு உள்முகம் (தனிமை விரும்பி), வெளிமுகம் (ஆட்களோடு பழக விரும்புகிறவர்) என்று ஆளை இரண்டில் ஒன்றாக்கிவிடும். பலர் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பதால், சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வந்து நிற்கும்.

ஐந்து குணக்கூறுகளை அளக்கும் கேள்வித்தாளை எடுங்கள்: ஒழுங்கு, இணக்கம், பதற்றம், வெளிமுகம், புதுமை நாட்டம். 120 கேள்விகள் கொண்ட ஐபிஐபி (IPIP-NEO) என்கிற அதன் வடிவம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. மதிப்பெண்ணில் எது ரொம்ப உயர்வு, எது ரொம்பத் தாழ்வு என்று மட்டும் பாருங்கள். நடுவில் இருப்பவற்றை விட்டுவிடலாம்.

கூடவே இந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் போக முதலீடு ஆண்டுக்கு 5% வளர்கிறது, ஓராண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்று கொண்டால், சம்பளத்தில் 10% சேமிக்கிறவருக்கு 51 ஆண்டு ஆகும். 30% என்றால் 28. பாதியைச் சேமித்தால் 17-க்குள் முடியும். சுபாவம் புகுந்து விளையாடுவது இந்தச் சேமிப்பு விகிதத்தில்தான்.

*

செலவாளிகளிடமிருந்து தொடங்குகிறேன். ஒழுங்கில் குறைவு, வெளிமுகத்தில் உயர்வு என்று வருகிறவர்களுக்கு ‘பட்ஜெட் போடுங்கள்’ என்று சொல்வது வீண். மாதம் முழுக்க ஒவ்வொரு செலவிலும் மன உறுதியைக் கேட்கும் வழி அது. இவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு முடிவு போதும் என்கிற ஏற்பாடு வேண்டும்.

சம்பளம் ஒரு கணக்கில் விழட்டும். அதே நாளில், தள்ளிப்போனால் மறுநாளே, மூன்று தானியங்கி மாற்றல்கள் ஓட வேண்டும்: முதலீட்டுக்கு ஒன்று, வாடகை, தவணை போன்ற நிலையான செலவுகளுக்கு ஒன்று, மீதியெல்லாம் தனியாக ஒரு செலவுக் கணக்குக்கு. டெபிட் கார்டு அந்தச் செலவுக் கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். முதலீட்டுக் கணக்கின் செயலி கைபேசியில் இருக்கவே கூடாது. இந்த ஏற்பாடு உடையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மாற்றல் தேதியை மாத நடுவில் வைப்பது. அதற்குள் பணம் கரைந்து, மாற்றல் தோற்று, அபராதமும் விழும்.

எடுத்த எடுப்பில் 30% வெட்டினால் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார்கள். பொருளாதார அறிஞர்கள் தேலரும் பெனார்ட்சியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் வேறு வழி இருக்கிறது. அடுத்த சம்பள உயர்விலிருந்து சேமிப்பைக் கூட்டுகிறேன் என்று இன்றே ஒப்புக்கொள்ள வேண்டும். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கைக்கு வருவது குறையாததால் வலிப்பதில்லை. அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. அவர்கள் சுபாவம் அப்படியேதான் இருந்தது.

*

சேமிப்பைப் பற்றியே பேசுகிறோம். சம்பாத்தியத்திலும் சுபாவத்தின் கை உண்டு. இணக்கக் குணம் மிகுந்தவர்கள் சராசரியாகக் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஜட்ஜ், லிவிங்ஸ்டன், ஹர்ஸ்ட் மூவரும் 2012-ல் காட்டினார்கள். ஆண்களிடம் அந்த இடைவெளி இன்னும் அதிகம். பேரம் பேசத் தெரியாததால்தான் இவர்கள் பின்தங்குகிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறோம். இவர்களின் சேமிப்பு, கடன் சிக்கல்களை ஆராய்ந்த மாட்ஸும் கிளாட்ஸ்டனும் 2018-ல் வேறொரு காரணத்தை முன்வைத்தார்கள்: இவர்கள் பணத்தையே பெரிதாக மதிப்பதில்லை. அதனால் ‘தைரியமாகக் கேளுங்கள்’ என்கிற அறிவுரை இவர்களிடம் எடுபடாது.

பணத்தை இவர்கள் மதிக்கும் ஒன்றோடு கட்டிவிட்டால் எடுபடும். வருமானம் 100, செலவு 70 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அதே கணக்கில் 28 ஆண்டு. வருமானம் 105 ஆகி, அந்த 5-ஐ அப்படியே சேமித்தால் ஏறக்குறைய 25.7 ஆண்டாகக் குறைகிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் குடும்பத்தோடு இருக்கலாம் என்று அதைப் பார்க்கும்போது இவர்கள் கேட்கத் தயாராகிறார்கள்.

கேட்கும் முறை: நேரில் பேசும் முன்பே எழுத்தில் அனுப்புங்கள், முகத்தைப் பார்த்ததும் தொகையைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் இவர்களுக்கு உண்டு. மடலில் ஒரே ஒரு தொகை, அதற்கு ஆதாரமாக மூன்று வேலைகள், ஒவ்வொன்றிலும் விளைந்த பலன் எண்ணில். ‘முடிந்தால்’, ‘சிரமம் இல்லையென்றால்’ போன்ற சொற்களை அனுப்பும் முன் அடித்துவிடுங்கள். உடனே ஒரு மாற்றுத் தொகை வந்தால் ஒரே பதில்தான்: ‘யோசித்து நாளை சொல்கிறேன்.’

இணக்கக்காரர்களுக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு: கைமாற்று. கொடுப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், அது அவர்களின் நல்ல பக்கம். ஆண்டுக்கு ஒரு தொகையை ஒதுக்கித் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அது தீர்ந்தால் அந்த ஆண்டு அவ்வளவுதான். ஜாமீன் கையெழுத்து மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது; போட வேண்டாம்.

*

மேலே உள்ள கணக்கோடு ஒன்று சேர்க்க வேண்டும். 5 கூடுதலாகச் சம்பாதித்தால் 25.7 ஆண்டு, அதே 5-ஐச் செலவில் குறைத்தால் 24.6. செலவு குறையும்போது சேமிப்பும் கூடுகிறது, 25 மடங்கு என்ற இலக்கும் சிறுக்கிறது. சிக்கனம் இயல்பாகவே வருகிறவர்களுக்கு இது பெரிய பலம். ஆனால் செலவைக் குறைக்க ஓர் எல்லை உண்டு, வருமானத்துக்கு அப்படி இல்லை. பழைய செலவையே திரும்பத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருப்பவர், அந்த நேரத்தில் ஒரு புதுத் திறனைக் கற்றிருக்கலாம்.

*

பதற்றம் மிகுந்தவர்களுக்கு. இவர்கள் நன்றாகவே சேமிப்பார்கள். தவறு நடப்பது முதலீட்டில்: ஒன்று, எல்லாவற்றையும் வைப்பு நிதியில் பூட்டிப் பணவீக்கத்துக்குப் பலி கொடுப்பார்கள். அல்லது சந்தை சரிந்த வாரம் விற்றுவிடுவார்கள்.

சதவீதத்தில் யோசிக்காமல் தொகையில் யோசிப்பது இவர்களுக்கு நல்லது. மொத்தம் 1000, அதில் 700 பங்குகளில். பங்குகள் பாதியாகச் சரிந்தால் கையில் 650. இந்த எண்ணைத் தாளில் எழுதிப் பாருங்கள். தூக்கம் கெடும் என்று தோன்றினால் பங்கை 500-க்குக் குறைத்துப் போடுங்கள். அப்போது மிஞ்சுவது 750. தாங்கக்கூடிய எண் கிடைக்கும்வரை இறக்குங்கள். பிறகு மூன்று வரி எழுதிக் கையெழுத்திடுங்கள்: எவ்வளவு சரிந்தாலும் விற்பதில்லை, மதிப்பைப் பார்ப்பது ஆண்டுக்கு ஒரு முறை, குறித்த தேதியில், விகிதத்தை மாற்றுவதும் அன்று மட்டும். தினமும் பார்க்கிறவர் கண்ணில் நஷ்டம்தான் அடிக்கடி படும், அதனால் நல்ல முதலீடும் ஆபத்தாகத் தெரியும். பெனார்ட்சி, தேலர் இருவரும் 1995-லேயே விளக்கியது இதுதான்.

தன்னம்பிக்கை மிகுந்தவர்களுக்கு நேர் எதிர் நோய்: ஓயாமல் வாங்கி விற்பது. பார்பரும் ஓடீனும் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, அதிகமாக வர்த்தகம் செய்தவர்களுக்கு ஆண்டுக்கு 11.4% கிடைத்தது. சந்தை தந்ததோ 17.9%. கை அரிக்கிறவர்கள் 5% பணத்தைத் தனியாக ஒதுக்கி அதில் விளையாடட்டும். மீதி இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதியில்) கிடக்கட்டும்.

*

யாரும் தொடாத கட்டம், செலவழிக்கும் கட்டம். ஒழுங்கு மிகுந்தவர்கள் மற்ற எல்லாரையும் முந்தி இலக்கை எட்டுவார்கள், எட்டியும் நிற்க மாட்டார்கள். ‘இன்னும் ஓராண்டு’ என்று நாலைந்து முறை தள்ளிப்போடுகிறவர்கள் இவர்கள்தான். ரிக், கிரைடர், லோவன்ஸ்டைன் 2008-ல் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டினார்கள்: சிக்கனக்காரருக்குச் சேமிப்பதில் மகிழ்ச்சி, கஞ்சருக்குச் செலவழிப்பதில் வலி. வங்கி இருப்பு இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கலாம். ஓய்வில் அவதிப்படுவது இரண்டாமவர். தம்பதியில் ஒருவர் இப்படியும் மற்றவர் தாராளமாகவும் இருந்தால், ஆளுக்கு ஒரு கணக்கு, கேள்வி கேட்காத சம தொகை என்று வைத்துக்கொள்வது சண்டையைப் பாதியாக்கும்.

சேர்த்ததில் முதல் ஆண்டு 4% எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்று நிதி ஆலோசகர் பெங்கன் 1994-ல் சொன்னது 30 ஆண்டு ஓய்வுக்கு. 25 மடங்கு என்பது இந்த 4%-தான். 40 வயதில் நிறுத்துகிறவர் 3 முதல் 3.5% என்று வைத்துக்கொள்வது பத்திரம். அதாவது செலவைப் போல ஏறக்குறைய 29 முதல் 33 மடங்கு. முதல் சில ஆண்டுகளில் சந்தை விழுந்தால்தான் ஆபத்து அதிகம் என்பதால் இரண்டாண்டுச் செலவைப் பங்குக்கு வெளியே வையுங்கள். அதற்கும் மேல் சேர்த்துக்கொண்டே போவதற்குக் கணக்கில் காரணம் இல்லை.

இப்படிப்பட்டவர்கள் வேலையில் இருக்கும்போதே ஆறு மாதம் ஒத்திகை பார்க்கலாம். சம்பளம் முழுவதையும் முதலீட்டுக்குத் திருப்பிவிட்டு, முதலீட்டிலிருந்து மாதாமாதம் ஒரு நிலையான தொகையைச் ‘சம்பளம்’ போல வரவைத்து அதில் வாழ வேண்டும். மாதக் கடைசியில் அதில் மிஞ்சுவதை முதலீட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது விதி. அந்த ஒரு விதியைக் காப்பாற்ற முடியாதவர், வேலையை விடும் தேதியைக் குறிக்கும் முன் அதையே இன்னும் ஆறு மாதம் பழகட்டும்.