அலீசியா டி லாரோச்சா: ஆங்கிலத்தில் ‘டி’ சேர்த்துத்தான் எழுத வேண்டுமா?

கேள்வி:
பார்சிலோனாவில் 1923இல் பிறந்து 2009இல் அதே ஊரில் மறைந்த பியானோ கலைஞர் அலீசியா டி லாரோச்சாவைப் பற்றி, எங்கள் வகுப்பு மாணவர்களின் இசை நிகழ்ச்சிக் கையேட்டுக்காக ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். முதலில் முழுப் பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு ‘லாரோச்சா’ என்று மட்டும் குறிப்பிட்டேன். கையேட்டைச் சரிபார்த்த நண்பர் எல்லா இடங்களிலும் ‘டி லாரோச்சா’ என்று மாற்றிவிட்டார். பீத்தோவனை யாரும் ‘வான் பீத்தோவன்’ என்று எழுதுவதில்லையே! ஸ்பானிய இசையமைப்பாளர்கள் அல்பேனிஸ், கிரனாதோஸ் ஆகியோரின் இசையை எனக்கு அறிமுகப்படுத்தியவை இவருடைய இசைத்தட்டுகள்தாம். அவர் பெயரைப் பிழையாக அச்சிட மனம் வரவில்லை. எது சரி?

மறுமொழி 1:
உங்கள் நண்பர் திருத்தியதுதான் ஆங்கில வழக்கு. அலீசியா டி லாரோச்சா மறைந்தபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட இரங்கல் செய்தியிலும் ‘மிஸ் டி லாரோச்சா’ என்றே இருந்தது. வாக்கியத்தின் நடுவில் ‘டி’ சிறிய எழுத்தில் வரும்; வாக்கியம் அந்தப் பெயரில் தொடங்கினால் மட்டும் பெரிய எழுத்து. பீத்தோவனை ஒப்பிட முடியாது. ‘வான்’, ‘ஃபான்’ போன்றவை தனிக் குடும்பப் பெயரின் முன் உதிர்ந்துவிடுவது ஜெர்மானிய வழக்கம்; இசைக்குழு நடத்துநர் ஹெர்பெர்ட் ஃபான் கராயனும் அப்படித்தான், வெறும் ‘கராயன்’. இதையே மனத்தில் கொண்டு, 1958இல் மாஸ்கோவில் சைக்கோவ்ஸ்கி போட்டியை வென்ற அமெரிக்கரான வான் கிளைபர்னின் பெயரிலுள்ள ‘வானை’யும் குடும்பப் பெயரின் ஒட்டாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ‘லவான்’ என்ற அவருடைய இயற்பெயரின் சுருக்கம். குடும்பப் பெயர் கிளைபர்ன் மட்டுமே.

மறுமொழி 2:
முந்தைய மறுமொழியோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் எழுதியதைப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. இயற்பெயரை விட்டுக் குடும்பப் பெயரை மட்டும் சொல்லும்போது ‘டி’யை நீக்குவது ஸ்பானியரிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கம். கவிஞர் லூயிஸ் டி கோங்கோரா அவர்களுக்குக் ‘கோங்கோரா’. இசையமைப்பாளர் மனுவேல் டி ஃபாயா வெறும் ‘ஃபாயா’. ஃபாயாவின் பெயரை ஆங்கில இசைக் கலைக்களஞ்சியங்களும் ‘எஃப்’ வரிசையிலேயே தருகின்றன; ஆனால் கச்சேரி அறிவிப்புகளில் அவரே ‘டி ஃபாயா’ ஆகிவிடுகிறார். ஆகவே ஆங்கிலத்தில் இதற்கு ஒரே விதி இருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நூலகத்தார் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறார்கள்: ஒட்டுச்சொல்லை எப்படிக் கொள்வது என்பதை, பெயருக்குரியவரின் மொழியே முடிவு செய்கிறது. ஆங்கிலக் கவிஞர் வால்டர் டி லா மேரை ‘டி’ வரிசையில் வைக்கிறார்கள். ஸ்பானியரான அலீசியா டி லாரோச்சா ‘எல்’ வரிசைக்குப் போகிறார். எனவே கட்டுரைக்குள் ‘டி லாரோச்சா’, பெயரடைவில் ‘லாரோச்சா, அலீசியா டி’ என்று வைத்துக்கொண்டால் முரண்பாடு ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அவருடைய முழுப் பெயர் அலீசியா டி லாரோச்சா இ டி லா காயே. கடைசியில் வருவது தாய்வழிப் பெயர். அதைக் குடும்பப் பெயராகக் கொண்டு ‘டி லா காயே’ என்று சுருக்குவது எந்த மொழியிலும் பொருந்தாது. அவருடைய கணவரான பியானோ கலைஞர் குவான் தொர்ராவின் பெயரையும் சேர்க்க வேண்டாம். ஸ்பெயினில் பெண்களின் பெயர் திருமணத்தால் மாறுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ‘டி லாரோச்சா’ என்பதையே வைத்துக்கொண்டு, கையேட்டின் கடைசிப் பக்கத்திலுள்ள கலைஞர் பட்டியலில் மட்டும் ‘எல்’ வரிசைக்கு மாற்றுகிறேன். இதே குறிப்பைத் தமிழிலும் தர எண்ணியிருக்கிறேன். அங்கே எப்படி எழுதலாம்?

மறுமொழி 3:
தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற சிக்கலே இல்லை. ஒலியில்தான் கவனம் வேண்டும். ‘டி லாரோச்சா’ ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த வடிவம். ஸ்பானிய ஒலி பல்லில் நா படும் ‘தே’. பெயரின் நடுவில் வருவது இரட்டை ‘ஆர்’, அதாவது நாக்கு அதிர ஒலிப்பது. குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் ‘பறவை’ என்று சொல்லும்போது கேட்கும் றகரத்துக்கு அது மிக நெருக்கமானது. அழுத்தமும் அந்த எழுத்தின் மீதே விழுகிறது. ‘தே லறோச்சா’ என்று எழுதிவிட்டு, இணையத்தில் தேடுபவர்களுக்காக ‘டி லாரோச்சா’ என்ற வடிவத்தையும் முதல் இடத்தில் ஒருமுறை குறிப்பிடுங்கள். ஆங்கிலம் தர முடியாத அந்த றகரம் நம்மிடம் இருக்கும்போது, ரகரத்தில் எழுதி அதை இழக்க வேண்டியதில்லை.