12ஆவது இடத்தில் யார்? எங்கள் குடும்பக் குழுவில் இரண்டு இரவுகள்

ஏப்ரல் 23, 2025, புதன் இரவு (டெக்சாஸ் நேரம்)

மாமா (ஃபிரிஸ்கோ): நாளை ராத்திரி என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) டிராஃப்ட், புது ஆட்களை எடுக்கும் நாள். நம் டாலஸ் கவ்பாய்ஸ் அணிக்கு 12ஆவது இடம். யாரை எடுப்பார்கள்? ஆளுக்கு ஒரு பெயர் போடுங்கள். சரியாகச் சொன்னவருக்கு ஞாயிற்றுக்கிழமை என் செலவில் பிரியாணி.

அண்ணன் (ஃபிலடெல்பியா): சூப்பர் பௌல் கோப்பை ஜெயித்த ஊரிலிருந்து எழுதுகிறேன், கொஞ்சம் மரியாதை கொடுங்கள் 😎 எங்கள் ஈகிள்ஸ் அணிக்கு 32ஆவது இடம். கடைசி.

பெரியப்பா (மதுரை): ஜெயித்தவனுக்கு ஏன் கடைசி இடம்? காசு உள்ளவன் ஏலத்தில் அள்ளிக்கொண்டு போக வேண்டியதுதானே?

நான்: ஏலமே கிடையாது பெரியப்பா. ஐபிஎல் மாதிரி இல்லை. கல்லூரியில் ஆடிய பையன்களை 32 அணிகளும் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன சீசனில் மோசமாகத் தோற்றவனுக்கு முதல் இடம், கோப்பை வாங்கியவனுக்குக் கடைசி இடம். மொத்தம் ஏழு சுற்று. முதல் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 10 நிமிடம்.

பெரியப்பா: எந்த ஊர் வேண்டும் என்று பையன் கேட்க முடியாதா?

மாமா: முடியாது மச்சான். கூப்பிட்ட ஊருக்குப் போக வேண்டியதுதான்.

பெரியப்பா: நான் பேங்கில் சேர்ந்தபோது போஸ்டிங் போட்ட மாதிரி. ராமநாதபுரம் என்றால் ராமநாதபுரம்.

நான்: என் ஓட்டு டெட்டைரோவா மெக்மில்லனுக்கு. அரிசோனா ரிசீவர், நல்ல உயரம். சீடி லாம்பை விட்டால் நம்மிடம் பந்து பிடிக்க யார் இருக்கிறார்கள்? பிராண்டின் குக்ஸும் கிளம்பிவிட்டார். நான் பார்த்த மாக் டிராஃப்டுகளில் (யாரை எடுப்பார்கள் என்ற கணிப்புப் பட்டியல்கள்) பாதிக்கு மேல் இவர் பெயர்தான்.

அண்ணன்: ஆஷ்டன் ஜென்ட்டி. ரன்னிங் பேக், பந்தோடு ஓடுகிறவன். போன சீசனில் பாய்ஸி ஸ்டேட்டுக்காக 2,601 கெஜம் ஓடியிருக்கிறான்.

மாமா: அவன் 12 வரைக்கும் மிஞ்ச மாட்டான். அதற்கு முன்னாலேயே எவனாவது தூக்கிவிடுவான்.

மாமா: மருமகனே, ரசிகர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்காதே. கவ்பாய்ஸ் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் வீட்டுப் பழக்கம் என்ன என்று பார். 2011 டைரான் ஸ்மித், 2013 டிராவிஸ் ஃபிரெடரிக், 2014 ஸாக் மார்ட்டின். மூன்று பேரும் முதல் சுற்று, மூன்று பேரும் லைன், முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிறவர்கள். அதிலும் 2014இல் ஊரே குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) ஜானி மான்ஸியல் வேண்டும் என்றது. ஜெர்ரிக்கே அந்தச் சபலம் இருந்தது, மகன் ஸ்டீபன்தான் பிடித்து நிறுத்தினார். மான்ஸியல் கிளீவ்லாந்துக்குப் போய் ரெண்டே சீசனில் காணாமல் போனார். மார்ட்டின் 11 சீசன் ஆடினார், 9 ப்ரோ பௌல் (நட்சத்திர ஆட்டம்) தேர்வு. அவர் இப்போதுதான் ஓய்வு பெற்றார். லைனில் அவர் நின்ற கார்டு இடம் காலி.

மாமா: அப்புறம் 2022 டைலர் ஸ்மித், 2024 டைலர் கைட்டன். அவர்களும் லைன்தான். 2022இல் எல்லாரும் கிண்டல் செய்தபோது, ஜெர்ரி நிருபர்கள் முன்னால் யாரை எடுக்கலாம் என்று எழுதிய தன் பட்டியல் தாளையே தூக்கிக் காட்டினார், ஞாபகம் இருக்கிறதா?

அத்தை (ஃபிரிஸ்கோ): ஒரு நிமிஷம். டைரான், டைலர், டைலர். இந்த வருஷம் டைலர் என்று யாராவது இருக்கிறானா?

நான்: 😂😂 ரெண்டு பேர் இருக்கிறார்கள் அத்தை. அலபாமா கார்டு டைலர் புக்கர், பென் ஸ்டேட் டைட் எண்ட் (மறிக்கவும் செய்வார், பந்தும் பிடிப்பார்) டைலர் வாரன்.

மாமா: டைட் எண்டுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஃபெர்குசன் இருக்கிறார்.

அத்தை: அப்படியானால் புக்கர். எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா: நானும் புக்கர்தான். ஆனால் என் காரணம் வேறு!

அத்தை: காரணத்துக்கு யாரும் பிரியாணி தர மாட்டார்கள்.

நான்: 12இல் போய் ஒரு கார்டையா எடுப்பார்கள்? 40 கெஜம் ஓட 5.38 நொடி எடுத்துக்கொண்ட ஆள் மாமா அவர்.

மாமா: கார்டு எந்த ஆட்டத்தில் 40 கெஜம் நேராக ஓடப் போகிறான்? அவன் வேலை ரெண்டு எட்டுக்குள் முடிந்துவிடும். எதிரே 300 பவுண்டு ஆள் மோதும்போது பின்னால் தள்ளப்படாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நம் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு வருஷத்துக்கு 60 மில்லியன் டாலர் கொடுக்கிறோம். போன நவம்பரில் தொடையில் அடிபட்டு சீசனே முடிந்தது. அவர் கீழே விழுந்து கிடந்தால் மெக்மில்லனுக்குப் பந்தை யார் எறிவது?

பெரியப்பா: 60 மில்லியன் என்றால் நம் காசுக்கு எவ்வளவு?

அண்ணன்: 500 கோடிக்கு மேல்.

பெரியப்பா: 😳 அப்போ காவலுக்கு ஆள் போடத்தான் வேண்டும்.

அண்ணன்: நீங்கள் எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். கவ்பாய்ஸ் 12இல் எடுக்கவே வேண்டாம், இடத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கலாம். 2021இல் தங்கள் 10ஆவது இடத்தை எங்களிடம் தந்தார்களே? ரிசீவர் டெவான்ட்டா ஸ்மித்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நன்றி 🦅

மாமா: தம்பி, அந்தக் கணக்கை முழுசாகச் சொல். பதிலுக்கு உங்கள் 12ஐயும் 84ஐயும் வாங்கினோம். 90களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் இங்கே கோச்சாக இருந்தபோது வந்த, டிராஃப்ட் இடங்களுக்கு மதிப்புப் போடும் புள்ளி அட்டவணைப்படி 10க்கு 1,300, 12க்கு 1,200, 84க்கு 170. எங்களுக்குத்தான் 70 புள்ளி லாபம். அந்த 12இல் வந்தது டிஃபென்ஸ் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ்.

அண்ணன்: சரி சரி. என் பெயர் ஜென்ட்டிதான், மாற்ற மாட்டேன்.

பெரியப்பா: இன்னும் ரிசீவர் யார் இருக்கிறான்?

நான்: டெக்சாஸ் யூனிவர்சிட்டி பையன் மேத்யூ கோல்டன். செம வேகம்.

பெரியப்பா: கோல்டன். தங்கம் விற்கிற விலைக்கு அவனையே எடுக்கட்டும்.

ஏப்ரல் 24, வியாழன் இரவு

பெரியப்பா: இங்கே விடிகாலை 5.30. காபி ஆச்சு. ஆரம்பித்துவிட்டார்களா?

நான்: கிரீன் பேயில் ஆரம்பித்தாயிற்று. முதலில் டென்னிசி, குவார்ட்டர்பேக் கேம் வார்ட். ரெண்டாவது இடத்தை ஜாக்சன்வில் விலை கொடுத்து வாங்கி டிராவிஸ் ஹன்ட்டரை எடுத்துவிட்டது.

மாமா: வில் கேம்பல் 4இல் போய்விட்டான். லைன் ஆட்கள் சீக்கிரமே கரைகிறார்கள்.

அண்ணன்: 6, ரெய்டர்ஸ், ஜென்ட்டி 💔

மாமா: நான் நேற்றே சொன்னேன்.

அத்தை: இவர் சோபாவில் உட்காராமல் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்றே பார்க்கிறார். கையில் தோசைத் தட்டு. ஆறிக் காய்ந்து போய்விட்டது.

மாமா: 7, ஜெட்ஸ், அர்மான்ட் மெம்பூ. இன்னொரு லைன்.

நான்: 8, கரோலினா. மெக்மில்லன் 😭😭

அண்ணன்: தம்பி, உன் ஆள் காலி.

மாமா: 9, செயின்ட்ஸ், கெல்வின் பேங்க்ஸ். இவனும் லைன். 10, பேர்ஸ், டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லேண்ட்.

அத்தை: என் டைலர்கள் ரெண்டு பேரும் இருக்கிறார்களா?

நான்: இருக்கிறார்கள் அத்தை. 11இல் ஃபார்ட்டி நைனர்ஸ் மைகெல் வில்லியம்ஸை எடுத்தார்கள். இப்போது நம் முறை.

அண்ணன்: பத்து நிமிடமும் போகும் பாருங்கள், ஜெர்ரி போனில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

பெரியப்பா: என்ன ஆச்சு? இங்கே படம் நின்று நின்று வருகிறது.

மாமா: புக்கர்!!! டைலர் புக்கர்!!! அலபாமா!!!

அத்தை: 🙏🙏 பெயர் ராசி.

மாமா: பெயர் ராசி இல்லை, 14 வருஷப் பழக்கம்.

அத்தை: எப்படியோ. பிரியாணி எனக்கு மட்டன். உங்களுக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்: எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை மாமா. ஆள் தாங்குவார், சரி. ஆனால் லாம்பை ரெண்டு பேர் சேர்ந்து மறித்தால் மறுபக்கம் யாருக்கு எறிவது?

மாமா: நியாயமான கேள்விதான். நாளை ரெண்டாம் சுற்றில் 44ஆவது இடம் இருக்கிறது. இல்லாவிட்டால் வேறு அணியில் வேண்டாம் என்று இருக்கிற ரிசீவர் யாரையாவது வாங்க வேண்டும். ரிசீவரை அப்படித் தேடிப் பிடித்துவிடலாம். நல்ல கார்டை யாரும் விற்க மாட்டார்கள்.

நான்: 14, கோல்ட்ஸ், டைலர் வாரன். அத்தையின் இன்னொரு டைலரும் போயாச்சு.

பெரியப்பா: என் தங்கம்?

நான்: 23, கிரீன் பே பேக்கர்ஸ், மேத்யூ கோல்டன்! 2002க்குப் பிறகு முதல் சுற்றில் அவர்கள் எடுக்கும் முதல் ரிசீவர். உள்ளூர்க் கூட்டம் தொண்டை கிழியக் கத்துகிறது.

பெரியப்பா: 👏 நான் குளிக்கப் போகிறேன்.

அண்ணன்: யாராவது முழித்திருக்கிறீர்களா? ஒரு இடம் மேலே ஏறி 31இல் எடுத்துவிட்டோம். லைன்பேக்கர் (லைன் இல்லை, டிஃபென்ஸ் ஆள்) ஜிஹாத் கேம்பல், அவனும் அலபாமா. புக்கருடன் ஒரே அணியில் ஆடியவன். நம் ரெண்டு அணியும் வருஷத்துக்கு ரெண்டு தடவை நேருக்கு நேர் மாமா.

மாமா: வரட்டும். பிராக்டிஸில் உங்கள் ஆளை எத்தனை தடவை கீழே தள்ளியிருப்பான் என்று புக்கரிடமே கேட்டுக்கொள்.