புதுப்பிப்பு: பட்டுப்புழுக் கொட்டகையில் பிடித்த ஈ

போன வாரம் தருமபுரியில் மாமாவின் பட்டுப்புழுக் கொட்டகை ஜன்னலில் பிடித்த ஈயின் படத்தைப் போட்டு, "சதை ஈதான், பயப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். தவறு. அது ஊஜி ஈ, பட்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஈ.

சாம்பல் நிற முதுகில் கருங்கோடுகளைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டேன், எத்தனை கோடு என்று எண்ணவில்லை. சதை ஈக்குப் பொதுவாக மூன்று கோடு, இதில் நான்கு. ஆனால் கோட்டை மட்டும் நம்பினால் மறுபடி ஏமாறலாம் என்று ஈயைக் குண்டூசியில் குத்தி, பக்கவாட்டில் திருப்பி லென்ஸில் பார்த்தேன். முதுகின் கடைசியில் முக்கோணம் போல ஒரு தகடு இருக்கும். அதற்கு நேர் கீழே, தலையணை போல இன்னொரு புடைப்பு! ஊஜி ஈ சேர்ந்த டாக்கினிட் குடும்பத்து ஈக்களின் முக்கிய அடையாளம் இது. சதை ஈக்கு அந்த இடம் இப்படிப் புடைத்திருக்காது. உணர்கொம்பிலிருந்து நீளும் மெல்லிய முடியும் மொட்டையாக இருந்தது. சதை ஈக்குப் பெரும்பாலும் அது அடிப்பாதியில் இறகு போலக் கிளைத்திருக்கும். மேலிருந்து எடுத்த என் படத்தில் இதெல்லாம் எப்படித் தெரியும்?

அப்புறம் தட்டுகளைப் பார்த்தோம். சில புழுக்களின் தோலில் கரும்புள்ளி, அதாவது முட்டையிலிருந்து வந்த ஈப்புழு உள்ளே துளைத்துப் போன தழும்பு. அவற்றைத் தனியே பொறுக்கிவிட்டோம். 1980இல் மேற்கு வங்கத்திலிருந்து கர்நாடகத்துக்குள் வந்த பூச்சி இது. மாமா இன்று ஜன்னலுக்கு வலை அடிக்கிறார்.