பச்சோந்திக்கு வருவது மன அழுத்தமா? புதன் இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்

கீழக்கரையிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். 'ஸ்ட்ரெஸ்' என்பதற்குத் தமிழில் அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது. துபாயில் என் தங்கை வீட்டில் ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்று வளர்க்கிறார்கள், தலையில் கொண்டை எழும்பி நிற்குமே அந்த வகை. வியாழக்கிழமை அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். மூன்று வாரம் அதைப் பார்த்துக்கொள்ளப் போவது பக்கத்து வீட்டம்மா. அவர் தேவிபட்டினத்துக்காரர், தமிழ் மட்டும்தான் வாசிப்பார். அவருக்காக இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன், அதில் 'ஸ்ட்ரெஸ்' பகுதிதான் உயிர்.

பகலிலேயே கண்ணை மூடிக் கிடப்பது, கண் குழி விழுவது, தீனியைத் தொடாமல் இருப்பது, ஆளைக் கண்டால் உடம்பை உப்பி வாயைப் பிளந்து சீறுவது, கறுத்துப்போய் அப்படியே இருப்பது, கிளையை விட்டுத் தரையில் வந்து உட்காருவது. இது அத்தனைக்கும் ஒரு தலைப்பு வேண்டும். 'மன அழுத்தம்' என்று போட்டு தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "ஓணானுக்கு மனசுல என்னம்மா கவலை?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான் என்று படுகிறது.

தொண்டியிலிருந்து, இயற்பியல் ஆசிரியர்

அக்கா, சொல் ஏற்கெனவே நம் பாடநூலில் இருக்கிறது: தகைவு. விசை ஏறினால் பொருளுக்குள் எழுவது தகைவு, அதனால் உருவம் மாறுவது திரிபு. உடலியல் அறிஞர் ஹான்ஸ் செல்யே இயற்பியலில் புழங்கிய சொல்லைத்தான் உடலியலில் பரப்பினார், அவர் எடுத்துக்கொண்டது போல நாமும் எடுத்துக்கொள்ளலாம். தகைதல் என்றால் தடுத்தல், எதிர்த்து நிற்றல். வெளியிலிருந்து வரும் நெருக்கடியை உடம்பு எதிர்த்து நிற்பதைத்தானே சொல்ல வேண்டும்?

இராமநாதபுரத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி சொன்ன தகைவு நல்ல தமிழ்தான், ஆனால் அது கம்பிக்கும் உத்தரத்துக்கும் உரியது. உயிருக்கு வேறு சொல் வேண்டும். குறுந்தொகை 140-ஐ எடுத்துப் பாருங்கள், அள்ளூர் நன்முல்லையார் பாட்டு. "வேதின வெரிநின் ஓதி முதுபோத்து" என்று தொடங்குகிறது. கருக்கரிவாள் போன்ற முதுகுள்ள கிழ ஓந்தி, வழிப்போக்கர் அதைப் பார்த்து நிமித்தம் கொள்கிறார்கள். அந்தப் பாட்டிலேயே தலைவி தான் தாங்கிய 'எவ்வம்', அதாவது துன்பம், இந்த ஊருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். ஓந்தியும் எவ்வமும் ஐந்து வரிக்குள் சேர்ந்து நிற்கின்றன!

இன்னொன்றும் உண்டு. உள்ளத்துத் துன்பம் தோலில் நிறமாக ஏறுவதற்கு உலகில் எத்தனை மொழி தனிச்சொல் வைத்திருக்கும்? நாம் பசப்பு என்றோம், பசலை என்றோம், குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பச்சோந்தியிலும் பசுமை, பசப்பிலும் பசுமை. என் பரிந்துரை பசப்பு. அறிகுறி என்பதற்கு மெய்ப்பாடு என்று எழுதுங்கள், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது அது.

கீழக்கரையிலிருந்து

ஐயா, படிக்கும்போது நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் அந்தம்மாவிடம் "பச்சோந்தி பசப்புகிறது" என்றால், நைச்சியமாகப் பேசி ஏமாற்றுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே கட்சி மாறுகிறவனை எல்லாம் அந்தப் பெயரால் திட்டி அதன் மானத்தை வாங்கியாயிற்று. அது நிறம் மாறுவது பெரும்பாலும் ஒளிவதற்கோ ஏமாற்றுவதற்கோ அல்ல. தன் நிலையைச் சொல்லவும் சூட்டைச் சமாளிக்கவும்தான். 'இறுக்கம்' என்று வைத்தால் என்ன?

தொண்டியிலிருந்து

இறுக்கம் வேண்டாம் அக்கா, உண்மைக்கு நேர் எதிராகிவிடும். 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலில் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்களைப் பார்த்தார்கள். அமைதியாக இருக்கும்போதுதான் படிகங்கள் நெருங்கியிருக்கின்றன, பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியடைந்தால் அவை விலகி மஞ்சள், சிவப்பு என்று போகிறது. கறுப்பது வேறு வழி, அது மெலனின் என்ற கருநிறமி பரவுவதால். ஆக இறுக்கமாக இருப்பது நிம்மதியான பச்சோந்தி!

மண்டபத்திலிருந்து, கடலாய்வு மாணவி

நான் நுழையலாமா? எங்களுக்கும் இதே சொல் வேண்டும். மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் தண்ணீர் சூடேறி பவளங்கள் வெளிறின. அதை 'வெப்ப அழுத்தம்' என்று எழுதினால், கடலுக்கடியில் நடப்பது என்பதால் படிக்கிறவர் நீரழுத்தம் என்றே நினைக்கிறார். பச்சோந்தி கறுக்கிறது, பவளம் வெளுக்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் சொல்லாகத் தேடுங்கள். பவளத்துக்கு மனசும் கிடையாது, மிரட்சியும் கிடையாது.

சாயல்குடியிலிருந்து, கால்நடை மருத்துவர்

இங்கே ஆடு வளர்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாயைக் கண்டு வெடவெடத்தால் "மிரண்டுருச்சு". நாலு நாளாக இரை எடுக்காமல் ஒதுங்கி நின்றால் "வாட்டமா நிக்குது". மிரட்சி அந்த நேரத்தோடு போகும், வாட்டம் நாள்பட நிற்கும். மருத்துவத்திலும் இந்த இரண்டைப் பிரித்துத்தான் பார்க்கிறோம். பவளத்துக்கும் வாட்டம் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: காலையில் வெயில் காயும்போது கறுத்திருந்தால் அது வாட்டம் இல்லை, சூடு வாங்குகிறது. மத்தியானமும் கறுப்பாகவே இருந்தால் கவனிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு யாரும் நம் கருவேலங்காட்டுப் பச்சோந்தியைப் பிடித்து வந்து வளர்க்கக் கூடாது. 1972 வனவுயிர்ச் சட்டப்படி அது குற்றம்.

தொண்டியிலிருந்து

வாட்டம் என்றால் கொத்தனாருக்குத் தண்ணீர் ஓடும் சரிவு. தளம் போடும்போது வாட்டம் பார்ப்பார்கள். கலைச்சொல் ஒரு பொருளில் நிற்க வேண்டும், தகைவு அப்படி நிற்கும்.

கீழக்கரையிலிருந்து, புதன் இரவு

தம்பி, பச்சோந்திக் குறிப்பில் யாரும் தளத்தைத் தேட மாட்டார்கள். வாட்டம் என்றே போட்டு அனுப்பிவிட்டேன். 'வாட்டத்தின் அறிகுறி', 'வாட்டம் தீர' என்று இரண்டு தலைப்பு. கீழே இப்படி எழுதினேன்:

"கூண்டை ஆள் நடமாடும் வழியில் வைக்காதீர்கள். நம் கண்ணுக்கு மேலே இருக்கும்படி உயரத்தில் வையுங்கள், மேலிருந்து குனிந்து வரும் எதுவும் அதற்குப் பருந்துதான். இலை அடர்த்தியாக இருக்கட்டும், ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தாலே பாதி வாட்டம் போகும். கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தால்கூட எதிரி வந்துவிட்டதாக நினைக்கும், மூடிவிடுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் குடிக்காது, இலை மேல் தெளியுங்கள், சொட்டை நக்கிக் குடிக்கும். இரவில் விளக்கை எல்லாம் அணையுங்கள். பாசமாக இருந்தாலும் கையில் எடுக்காதீர்கள். பகலிலும் கண்ணை மூடியே கிடந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்."

வாசித்துக் காட்டினேன். "வாடிப்போனா தெரியாதா எனக்கு, பாத்துக்கிறேன்" என்றார்.

மண்டபத்திலிருந்து

வெப்ப வாட்டம் என்று என் கட்டுரையிலும் எழுதிப் பார்க்கிறேன். வழிகாட்டி ஒப்புக்கொள்வாரா தெரியவில்லை.

இராமநாதபுரத்திலிருந்து

குறிப்பு நன்றாக வந்திருக்கிறது அம்மா. அந்தப் பிராணி பிழைத்தால் போதும். ஆனால் மெய்ப்பாடு என்பதை ஏன் விட்டீர்கள்? 'அறிகுறி' உடம்புக்கு வெளியே நிற்கும் சொல். தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாட்டில் அச்சமும் வெகுளியும் இருக்கின்றன, சீறுவது இந்த இரண்டும்தான். இதை விரிவாக நாளை எழுதுகிறேன்.