நாய்க்கடி: முன்னாடி முழுசா ஊசி போட்ட பையனுக்கு இப்ப 2 ஊசி போதுமா?

பாலக்கோட்டுக்காரர்:
அக்கா பையனுக்கு 12 வயசு. நேத்து தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சு ரத்தம் வந்துடுச்சு. 2022-ல கடிபட்டப்ப புண்ணுக்குள்ள சீரம், 0, 3, 7, 28-ம் நாள் ஊசி எல்லாம் முடிச்ச அட்டை இருக்கு. இப்ப சீரம் வேண்டாம், இன்னைக்கும் 3-ம் நாளும் போட்டா போதும்கறாங்க. உடம்புக்கு ஞாபகம் இருக்குன்னா அந்த 2 ஊசியும் எதுக்கு?

நுண்ணுயிரியல் ஆசிரியர், தர்மபுரி:
சரியாத்தான் சொல்லியிருக்காங்க. முதல் தடவை ஊசி போட்டு போதுமான எதிர்ப்பொருள் உருவாக 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் வெளியில தயாரான எதிர்ப்பொருளை, அதாவது சீரத்தை, புண்ணைச் சுத்தி ஏத்தறாங்க. அப்ப உருவான பி செல்கள்ல (எதிர்ப்பொருள் தயாரிக்கிற வெள்ளை அணுக்கள்) ஒரு பகுதி எலும்பு மஜ்ஜையில தங்கி எதிர்ப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா சுரக்கும். இன்னொரு பகுதி நினைவுச் செல்களா நிணநீர்க்கணு, மண்ணீரல்ல சும்மா காத்திருக்கும்.

கேள்வியோட முக்கிய இடம் இதுதான்: காத்திருக்கிற செல்லை யார் எழுப்புறது? ரேபிஸ் கிருமி கடிவாயில கொஞ்சமா இறங்கி நரம்புக்குள்ள ஒளிஞ்சுக்கும், ரத்தத்துல பரவாது. நினைவுச் செல் கண்ணுலயே படாது. அந்த 2 ஊசி கிருமியோட அடையாளத்தைக் காட்டி எழுப்புது. எழுந்தா ஒரு வாரத்துக்குள்ள எதிர்ப்பொருள் மளமளன்னு ஏறிடும்.

ஊசி அறை செவிலியர், ஓசூர்:
0-ம் நாள்னா முதல் ஊசி போடற நாள், கடிச்ச நாள் இல்ல. தோலுக்குள்ள போடறதுன்னா பையனுக்கு இந்த முறை ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்துல மட்டும் 0.1 மி.லி. போட்ட இடம் ஆரஞ்சுத் தோல் மாதிரி புடைக்கணும். புடைக்கலன்னா ஆழமா இறங்கிடுச்சு, பக்கத்துல மறுபடி போடணும். ஊசி இருக்குன்னு புண்ணைக் கழுவாம விடாதீங்க: ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்கவே கூடாது. டிடி ஊசி போட்டாச்சேன்னு சிலர் திரும்பிடறாங்க. அந்த நினைவு ரணஜன்னிக்கு மட்டும், ரேபிஸுக்கு உதவாது.

பாலக்கோட்டுக்காரர்:
நன்றிங்க. அதே நாய் தாத்தா கையிலயும் ரத்தம் வர்ற மாதிரி கடிச்சிருக்கு. அவருக்கு அந்தக் காலத்துல தொப்புளைச் சுத்தி ஊசி போட்டிருக்காங்க. அவருக்கும் 2 போதுமா?

நுண்ணுயிரியல் ஆசிரியர், தர்மபுரி:
போதாதுங்க. அது ஆட்டு மூளையில இருந்து எடுத்த பழைய மருந்து, 2004-ல நம்ம நாட்டுல நிறுத்தியாச்சு. அதை நம்பிக் கணக்குல எடுக்க மாட்டாங்க. தாத்தாவுக்குப் புதுசா கடிபட்டவர் மாதிரியே சீரமும் முழுத் தவணையும் வேணும். அட்டை இல்லாதவங்களுக்கும் இதே முறைதான். சீரம் இன்னைக்குக் கிடைக்கலன்னாலும் ஊசியைத் தள்ளிப்போடாதீங்க. முதல் ஊசியில இருந்து 7 நாளுக்குள்ள சீரம் போட்டுடலாம். அதுக்குப் பிறகு உடம்பே தயாரிக்க ஆரம்பிச்சுடும்கறதால போட மாட்டாங்க.