வீச்சு மட்டும் தெரிந்தால் சமிக்ஞையை மீட்க முடியுமா?

கேள்வி:
256 மாதிரிகள் கொண்ட ஒரு மெய்யெண் சமிக்ஞையின் ஃபூரியர் உருமாற்றத்தில் (சமிக்ஞையை அதிர்வெண் கூறுகளாகப் பிரிக்கும் கணக்கில்), 256 அதிர்வெண் புள்ளிகளுக்கான வீச்சுகள் மட்டுமே என்னிடம் உள்ளன, கட்டம் (phase, அதாவது ஒவ்வொரு அதிர்வெண் அலையும் எந்த நிலையில் தொடங்குகிறது என்பது) பதிவாகவில்லை. தோராயமான ஒரு கட்டத்தில் தொடங்கி, காலத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் மாறி மாறிச் சென்று, சுற்றுதோறும் அளந்த வீச்சை மீண்டும் பொருத்தும் கெர்ச்பெர்க்–சாக்ஸ்டன் வகை முறையைப் பயன்படுத்தினேன். தொடக்கக் கட்டத்தை மாற்றும்போதெல்லாம் வேறொரு சமிக்ஞை கிடைக்கிறது. வீச்சோ எல்லாவற்றிலும் பொருந்துகிறது. சுற்றுகளைக் கூட்டினால் சரியாகுமா, அல்லது விடையே ஒன்றுக்கு மேற்பட்டதா?

பதில் 1:
சுற்றுகளைக் கூட்டுவதால் பயன் இல்லை. 256 புள்ளிகளின் வீச்சு, சமிக்ஞையின் வட்டத் தன்னொட்டுறவை (சமிக்ஞையை வட்டமாகச் சுழற்றி நகர்த்தி, தன்னோடே பெருக்கிக் கூட்டிய மதிப்புகளை) மட்டுமே தரும். சுழற்றாமல் நகர்த்திப் பெறும் முழுத் தன்னொட்டுறவு வேண்டுமானால் குறைந்தது 511 புள்ளிகளில் வீச்சு தெரிய வேண்டும். அதாவது, சமிக்ஞையின் பின்னே சுழியங்களைச் சேர்த்து உருமாற்றியிருக்க வேண்டும். (கைவசமுள்ள வீச்சு வரிசையின் பின்னே சுழியங்களைச் சேர்ப்பது அதற்கு ஈடாகாது.)

அது கிடைத்தாலும் ஒரு பரிமாணத்தில் சிக்கல் தீராது. 1, −5, 6 என்ற வரிசையையும் 2, −7, 3 என்ற வரிசையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் தன்னொட்டுறவும் 62, −35, 6 என்றே வரும். ஆகவே எல்லா அதிர்வெண்ணிலும் அவற்றின் வீச்சு ஒன்றே. ஒன்றை நகர்த்தியோ, திருப்பியோ, குறி மாற்றியோ மற்றொன்றைப் பெற முடியாது. சமிக்ஞையைப் பல்லுறுப்புக் கோவையாக எழுதி, அதன் மூலங்களுள் ஒன்றை அலகு வட்டத்தின் (சிக்கலெண் தளத்தில் ஆரம் 1 உள்ள வட்டத்தின்) மறுபுறத்துக்குத் தலைகீழாக்கி, உரிய மாறிலியால் பெருக்கினால் வீச்சு மாறாது என்பதே இதன் காரணம். உங்கள் சமிக்ஞைக்கு 255 மூலங்கள். சிக்கலெண் மூலங்களை இணையோடு சேர்த்தே மாற்ற வேண்டும் என்றாலும், எஞ்சும் தெரிவுகள் எண்ணி மாளாதவை.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் கூடுதலாக ஒரு செய்தி தெரிந்தால் நிலைமை மாறும். எல்லா மூலங்களும் அலகு வட்டத்தின் ஒரே பக்கத்தில் அமைந்த, மினிமம் ஃபேஸ் எனப்படும் சமிக்ஞையாக இருந்தால், வீச்சின் மடக்கையிலிருந்து ஹில்பர்ட் உருமாற்றம் என்ற கணக்கின் வழியே கட்டத்தை நேரடியாகக் கணக்கிடலாம். முதல் மாதிரியின் அளவு மற்ற எல்லா மாதிரிகளின் அளவுகளுடைய கூட்டுத்தொகையை விடப் பெரிதாக இருந்தால் இந்தப் பண்பு உறுதி. எனவே, அளவிடும்போதே சமிக்ஞையின் முன்னால் வலுவான ஒரு துடிப்பைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். வீச்சு சுழியத்தை நெருங்கும் இடங்களில் மட்டும் மடக்கை தொல்லை தரும்.

படங்களைக் கையாள்வோருக்கு இந்த வகையில் அதிர்ஷ்டம்: இரு மாறிப் பல்லுறுப்புக் கோவைகள் பெரும்பாலும் காரணிப்படுவதில்லை என்பதால், அங்கே விடை ஏறத்தாழ எப்போதும் ஒன்றே.

கேட்டவர்:
துடிப்பைச் சேர்க்க வழியில்லை. ஆனால் சமிக்ஞையை ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு சாளரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வீச்சையும் அளக்க இயலும். அது போதுமா?

பதில் 1:
பெரும்பாலும் போதும். அடுத்தடுத்த சாளரங்கள் பொதுவான மாதிரிகளைப் பகிர்வதால், தவறான தெரிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நீங்கிவிடும். 1984இல் வெளியான கிரிஃபின்–லிம் முறை இதற்கானதே; நான்கில் மூன்று பங்கு படியுமாறு சாளரங்களை அமைப்பது வழக்கம். பிழை சுற்றுக்குச் சுற்று அதிகரிக்காது, ஆயினும் தவறான இடத்தில் தேங்கக்கூடும். ஆகவே பல தொடக்கங்களிலிருந்து ஓட்டி, பிழை மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுமொத்தக் குறி மட்டும் எப்படியும் தெரியாது. நடுவே சாளர நீளத்தை விட நீண்ட மௌனம் இருந்தால், அதன் இருபுறமும் உள்ள பகுதிகளின் குறிகள் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதையும் வீச்சிலிருந்து அறிய முடியாது. அங்கே மௌனத்தைத் தாண்டும் அளவுக்கு நீண்ட சாளரம் ஒன்றையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.