‘காலைநோய்’ வேண்டாம்: கர்ப்பகாலக் குமட்டல், சத்திக்கான கலைச்சொற்கள்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

கர்ப்பிணிகளுக்கு வரும் குமட்டலுக்கும் வாந்திக்கும் ‘மோர்னிங் சிக்னஸ்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்துக் ‘காலைநோய்’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. பகலிலும் இரவிலும் வரக்கூடிய ஒன்றைக் காலையோடு கட்டிவைக்கும் அப்பெயர் ஆங்கிலத்திலேயே பொருந்தாதது. ‘மசக்கை’ அழகான சொல்தான். ஆனால் புளிக்கும் மாங்காய்க்கும் ஏங்குவதையும் அது சேர்த்தே குறிக்கிறது.

வாந்தியைத் திருகோணமலையில் நாம் சொல்வது சத்தி. மூதூரிலோ கிண்ணியாவிலோ கிளினிக்குக்கு வரும் தாய்க்கும் அதுவே விளங்கும். நோயின் கடுமையை அளக்கும் வினாக்கொத்து, குமட்டல் எத்தனை மணிநேரம் நீடித்தது, எத்தனை முறை சத்தி எடுத்தது, ஒன்றும் வெளிவராமல் எத்தனை முறை ஓங்காளித்தது என்று மூன்றையும் தனித்தனியே கேட்டு, 3 முதல் 15 வரை புள்ளியிடுகிறது. 13உம் அதற்கு மேலும் கடுமையானவை. இம்மூன்றுக்கும் நம் பேச்சிலேயே தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

ஆகவே, பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வந்து பொதுவாக 20ஆவது வாரத்துக்குள் தணிவதைக் ‘கர்ப்பகாலக் குமட்டலும் சத்தியும்’ என்றும், உடல் நிறை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து, நீரிழப்போடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேரும் அரிய நிலையைக் ‘கர்ப்பகால மிகைச்சத்தி’ என்றும் அழைக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், “மசக்கைதானே, போய்விடும்” என்று பின்னதையும் வீட்டிலேயே வைத்திருப்பார்கள்.

இதைவிடச் சிக்கலானது, நோயோடு சேர்ந்து காணப்படும் எதையும் ‘காரணி’ என்று அழைப்பது. இரட்டைக் கர்ப்பம், முன்னைய கர்ப்பத்தில் மிகைச்சத்தி, தாய்க்கோ சகோதரிக்கோ அது இருந்தமை, பயணத்தில் சத்தி எடுக்கும் இயல்பு ஆகியவை ஆய்வுகளில் மிகைச்சத்தியோடு சேர்ந்து காணப்படுபவை. அவை ஒவ்வொன்றையும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்ட ஆய்வோ, சிசுவும் சூல்வித்தகமும் (நச்சுக்கொடியும்) சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹோர்மோனையும் அதற்குத் தாயின் உடல் காட்டும் உணர்திறனையும் காரணமாகவே சுட்டுகிறது. சேர்ந்து காணப்படுபவை மட்டுமேயான முன்னவற்றுக்கு ‘இயைபுக் கூறு’ என்பதை முன்மொழிகிறேன்.

மறுமொழி:

ஐயா, ‘இயைபுக் கூறு’ எனக்கு உடன்பாடே. ஆனால் ‘மிகைச்சத்தி’ என்று எழுதினால், சத்தியைச் சக்தி என்று கொள்ளும் தமிழ்நாட்டு வாசகர் அதை மிகுந்த வலிமை என்று படித்துவிடுவார். பாடநூலில் ‘கர்ப்பகால மிகைவாந்தி’ என்றும், தாய்மாருக்கான துண்டுப்பிரசுரத்தில் மட்டும் தாங்கள் கூறியவாறும் எழுதலாமா?